ஒற்றைப் பலகையில் பல வண்ணங்கள்

இருபதாம் நூற்றாண்டின் ஓவியக் கலையைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் பாப்லோ பிகாசோ என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. குவெர்னிகா என்னும் பேரோவியத்தாலும் கியூபிசம் என்னும் புதுநெறியாலும் உலகறிந்தவர் அவர். தூரிகையும் வண்ணமும் கொண்டு அவர் நிகழ்த்தியவற்றை விரித்துரைக்கும் நூல்கள் பல உள்ளன. ஆயினும், தம் எழுபத்தேழாம் வயதில், வீட்டுத் தரையில் விரிக்கும் லினோலியம் என்னும் மலிவான பொருளையும் ஒரு சிற்றுளியையும் கையிலெடுத்து, ஒருமுறை வெட்டினால் மீட்கவே இயலாத ஓர் அச்சுமுறையில் அவர் ஆழ்ந்திருந்த ஆண்டுகளை அறிந்தோர் குறைவு. புகழும் செல்வமும் நிறைந்த முதுமையில், இழப்பதற்கு இவ்வளவு இடம்தரும் ஒரு முறையை அவர் ஏன் நாடினார் என்னும் வினாவோடு அவர்தம் வாழ்வைக் காண்போம்.

பிகாசோ, ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலுள்ள மலகா நகரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பிறந்தார். தந்தை ஹோசே ரூயிஸ் பிளாஸ்கோ ஓவிய ஆசிரியர். புறாக்களை வரைவதில் விருப்பம் மிக்கவர். தாய் மரியா பிகாசோ. தந்தைவழிப் பெயரான ரூயிஸ் என்பதை விடுத்துத் தாய்வழிப் பெயரையே மகன் பின்னாளில் தமக்குரியதாக்கிக் கொண்டார். தந்தை வரைந்த புறாக்களின் நடுவே வளர்ந்த அச்சிறுவன் எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே கோடுகளைக் கற்றான் எனலாம். மகனின் திறங்கண்டு வியந்த தந்தை, தம் தூரிகைகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வரைவதையே கைவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், அதன் பின்னரும் தந்தை வரைந்துகொண்டுதான் இருந்தார் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குடும்பம் லா கொருன்யா நகரில் வாழ்ந்தபோது, தங்கை கொஞ்சிதா தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள். பதின்மூன்று வயதுச் சிறுவனின் உள்ளத்தில் அவ்விழப்பு நீங்கா வடுவாயிற்று. அதே ஆண்டில் தந்தைக்குப் பார்சிலோனாவின் கலைப்பள்ளியில் பணி கிடைத்தமையால் குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. 1897இல் மத்ரித் நகரின் அரச கலைக்கழகத்தில் சேர்ந்த பிகாசோவுக்கு வகுப்பறைகள் சலிப்பூட்டின. பிராதோ அருங்காட்சியகத்தின் பழம்பெரும் ஓவியங்களே அவருக்கு ஆசிரியர்களாயின. 1900இல் முதன்முறையாகப் பாரிஸ் சென்றார். உடன் சென்ற நண்பர் காசகேமாஸ் மறு ஆண்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரின் நிழலில் பிகாசோவின் ஓவியங்கள் நீல நிறத்தில் தோய்ந்தன. பார்வையற்றோரும் இரவலரும் பசித்தோரும் அவற்றை நிறைத்தனர்.

1904இல் பாரிசிலேயே தங்கிவிட்ட அவர், வறுமையினூடே அச்சுக்கலையில் தம் முதற் பெரும்படைப்பை ஆக்கினார். உலோகத் தகட்டின்மேல் மெழுகுபோன்ற பூச்சைத் தடவி, அதனை ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்து, பள்ளங்களில் மையை நிரப்பி அச்சிடும் முறை அது. புதிய தகடு வாங்கப் பொருளில்லை. வேறோர் ஓவியர் இயற்கைக் காட்சியொன்றைப் பொறித்துக் கைவிட்ட துத்தநாகத் தகடு அவர் கைக்கு வந்தது. பழைய கோடுகளைச் சுரண்டி நீக்கிவிட்டு அதன்மேல் ஒரு மேசையையும் அதன்முன் அமர்ந்த மெலிந்த இணையரையும் வரைந்தார். மேசைமேல் வெறுமையான தட்டும், சிறிது ரொட்டியும், மதுவும் இருந்தன. எளிய உணவு என்று பெயர்பெற்ற அப்படைப்பைக் கூர்ந்து நோக்குவோர், முழுதும் அழியாத பழைய நிலக்காட்சியின் சுவடுகளை இன்றும் அதில் காணலாம். ஒரே பரப்பில் ஒன்றை நீக்கி மற்றொன்றை எழுப்பும் இச்செயல் வறுமையால் நேர்ந்தது; விருப்பத்தால் அதனை அவர் மீண்டும் செய்யப் பிற்காலத்தில் இடம் வாய்த்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளை இங்கு விரித்தல் வேண்டா. 1907இல் அவிஞ்ஞோன் மங்கையர் ஓவியமும், தொடர்ந்து ஜார்ஜ் பிராக் என்னும் ஓவியருடன் சேர்ந்து வளர்த்த கியூபிசமும் ஐரோப்பியக் கலையின் போக்கை மாற்றின. புகழும் பொருளும் குவிந்தன. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்பெயினின் குவெர்னிகா என்னும் சிற்றூர் வானூர்திகளின் குண்டுவீச்சுக்கு இரையானபோது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட திரையில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக அக்கொடுமையைத் தீட்டினார். பிராங்கோவின் வன்முறையாட்சி ஸ்பெயினில் நிலைபெற்ற பின்னர் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. ஸ்பெயினின் காளைப்போர்க் களங்களும் வெயிலும் அவருக்கு நினைவில் மட்டுமே எஞ்சின.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசிலிருந்த முர்லோ என்பவரின் கல்லச்சுக் கூடத்துக்குப் பிகாசோ நாள்தோறும் செல்லலானார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைந்து அச்சிடும் முறையை அங்குப் பயின்றார். அப்போது அவர் ஆக்கிய காளை என்னும் வரிசை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஒரே கல்லில் முதலில் ஒரு காளையைத் தசையும் மயிரும் தோன்ற முழுமையாக வரைந்தார். அதன் படியை எடுத்தார். பின்னர் அதே கல்லில் சிலவற்றைச் சுரண்டி நீக்கித் திருத்தினார், மீண்டும் படியெடுத்தார். இவ்வாறு பதினொரு நிலைகள். இறுதி நிலையில் எஞ்சியவை ஒருசில கோடுகளே. ஆயினும் அது காளைதான் என்பதில் ஐயமில்லை. முதற்காளை கல்லிலிருந்து மறைந்துவிட்டது. தாளில் மட்டுமே வாழ்கிறது. அக்கூடத்திலேயே 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆக்கிய வெண்புறா, அவ்வாண்டு பாரிசில் கூடிய உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டியில் இடம்பெற்று உலகெங்கும் பறந்தது. மாநாடு நடந்த நாள்களில் பிறந்த மகளுக்கு ஸ்பானிய மொழியில் புறா எனப் பொருள்படும் பலோமா என்னும் பெயரைச் சூட்டினார். மலகாவில் தந்தை வரைந்த புறாக்களின் வழித்தோன்றல் அது.

இதற்கிடையில் அவர்தம் வாழ்வு பிரான்சின் தென்கரை நோக்கித் திரும்பியிருந்தது. மத்தியதரைக் கடலையொட்டிய வலோரிஸ் என்னும் சிற்றூர் நெடுங்காலமாகக் குயவர்களால் பெயர்பெற்றது. போருக்குப்பின் அத்தொழில் நலிந்திருந்தது. 1946இல் அங்குச் சென்ற பிகாசோ, ரமியே இணையர் நடத்திய மதூரா என்னும் மட்பாண்டக் கூடத்தில் களிமண்ணைத் தொட்டார். 1948இல் அவ்வூரிலேயே குடியேறினார். பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மட்கலங்களும் தட்டுகளும் அவர் கைபட்டு உருமாறின. ஆட்டைச் சுமந்து நிற்கும் மனிதனின் வெண்கலச் சிலையை அவ்வூருக்கு வழங்கினார். சந்தைத் திடலில் அது நிறுவப்பட்டது. உலகப்புகழ் பெற்ற கலைஞர் ஒருவர் தங்களுள் ஒருவராக வாழ்ந்ததால் அவ்வூர்க் குயவர்களின் அடுப்புகள் மீண்டும் எரிந்தன.

குயவர்கள் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தினர். கண்காட்சிக்குச் சுவரொட்டி வேண்டுமல்லவா? அவ்வூரில் ஹிடால்கோ ஆர்னெரா என்னும் அச்சாளர் சிறிய அச்சகமொன்றை நடத்திவந்தார். பாரிசின் பெரும் அச்சுக்கூடங்களோடு ஒப்பிடத்தக்க வாய்ப்புகள் எவையும் அங்கில்லை. ஆனால், லினோலியத்தைச் செதுக்கி அச்சிடப் பெரும் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 1950களின் தொடக்கத்திலிருந்து கண்காட்சிக்கும், பின்னர் அவ்வூரில் நடந்த காளைப்போருக்கும் பிகாசோ லினோலியத்தில் சுவரொட்டிகளைச் செதுக்கித் தந்தார்; ஆர்னெரா அச்சிட்டார். ஊர்ச்சுவருக்காகத் தொடங்கிய வேலை மெல்ல மெல்லக் கலைஞரைத் தன்வயப்படுத்திக்கொண்டது.

லினோலியம் என்பது யாது? ஆளி விதையிலிருந்து பிழிந்த எண்ணெயைக் காற்றுபடச் செய்து கெட்டியாக்கி, அதனுடன் தக்கைத் தூளையும் பிசினையும் கலந்து, சணல் துணியின்மேல் தகடாக அழுத்தி ஆக்கப்படுவது. பிரடெரிக் வால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1860களில் இதனைத் தரைவிரிப்பாக அறிமுகப்படுத்தினார். மரத்துக்கு நார் உண்டு. நாரின் போக்குக்கு எதிராக உளி செல்லும்போது மரம் பிளக்கும். லினோலியத்துக்கோ நாரில்லை. எத்திசையில் உளியைச் செலுத்தினும் வெண்ணெயில் செல்வதுபோல் வழுக்கிச் செல்லும். சற்றுச் சூடாக்கினால் இன்னும் இளகும். இவ்வெளிமையாலேயே ஐரோப்பியப் பள்ளிகள் இதனைச் சிறுவர்களுக்கு உரியதாக்கின. அதனாலேயே பெருங்கலைஞர் பலர் இதனைப் பொருட்படுத்தாது ஒதுக்கினர். பொருளின் விலையைக் கொண்டு கலையின் மதிப்பை அளக்கும் பழக்கம் எக்காலத்தும் உண்டு. பிகாசோவுக்கு அப்பழக்கம் இருந்ததில்லை. மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை செய்தவர் அவர்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டுத் தாளில் பதித்து விளையாடாதவர் நம்மில் அரியர். காயின் மேடான விளிம்புகள் மையை ஏற்கின்றன. குழிந்த அறைகள் ஏற்பதில்லை. தாளில் பூ மலர்கிறது. லினோலிய அச்சும் இத்தகைய புடைப்பு அச்சே. வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, எஞ்சிய மேட்டில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படி கிடைக்கும். செதுக்கிய உரு தாளில் இடவலமாக மாறித் தோன்றும் என்பதனை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒற்றை வண்ணமாயின் தொல்லையில்லை. பல வண்ணம் வேண்டுமெனில், வழக்கமான முறை வண்ணத்திற்கொரு பலகை செதுக்குதல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. அவை அனைத்தும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டும். ஒரு பலகை மயிரிழை நகர்ந்தாலும் உதடு கன்னத்துக்கும் கண் புருவத்துக்கும் ஏறிவிடும்.

1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிகாசோ இவ்வழக்கமான முறையிலேயே ஒரு பெரும்படைப்பை மேற்கொண்டார். பதினாறாம் நூற்றாண்டின் செருமானிய ஓவியர் இளைய லூக்காஸ் கிரானாக் வரைந்த பெண்ணுருவம் ஒன்று அஞ்சலட்டை வடிவில் அவரிடம் இருந்தது. அதனைத் தம்வழியில் மாற்றி, வண்ணத்திற்கொரு பலகையாகச் செதுக்கினார். இன்று அது அவர்தம் அச்சுப்படைப்புகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஆனால், செய்துமுடித்த பின்னர் அவருக்கு அமைதியில்லை. பலகைகளை ஒன்றோடொன்று பொருத்துவதில் பெரும்பாடு. ஒரு பலகையைச் செதுக்கும்போது மற்றவற்றோடு சேர்ந்து அது எவ்வாறு தோன்றும் என்று காணவியலாத நிலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருப்பு. எண்ணம் தோன்றிய கணத்தில் கை இயங்கவேண்டும் என்னும் இயல்புடையவர்க்கு இது பொறுக்கத்தக்கதன்று.

மறு ஆண்டில், பலகைகள் பலவற்றை விடுத்து ஒன்றையே கொண்டு எல்லா வண்ணங்களையும் அச்சிடும் முறைக்கு அவர் மாறினார். குறைப்புமுறை என்று இதனைக் கூறலாம். இதனை அவரே கண்டுபிடித்தார் என எழுதுவோர் உளர்; அவ்வளவு துணிந்து கூறவேண்டுவதில்லை. ஆயினும், இம்முறையால் இவ்வளவு பெரிய கலையை ஆக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவர் என்பதில் ஐயமில்லை.

முறை இதுதான். ஐம்பது படிகள் வேண்டுமென்று கொள்வோம். பழுதாகக்கூடியவற்றையும் எண்ணி அறுபது தாள்களேனும் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளின் வெண்மையாகவே இருக்கவேண்டிய இடங்களை முதலில் பலகையில் செதுக்கி நீக்குவர். எஞ்சிய பரப்பு முழுவதும் வெளிர்மஞ்சளைத் தடவி அறுபது தாள்களிலும் அச்சிடுவர். தாள்கள் உலரும். பின்னர்ப் பலகையைத் துடைத்து, மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களைச் செதுக்கி நீக்குவர். இப்போது பலகையில் மேடு குறைந்துவிட்டது. அதில் சிவப்பைத் தடவி, அதே தாள்களில், அதே இடத்தில் பொருந்துமாறு மஞ்சளின்மேல் அச்சிடுவர். செதுக்கிய இடங்களில் மட்டும் மஞ்சள் ஒளிரும், மற்றவை சிவப்பாகும். அடுத்து, சிவப்பாக நிற்கவேண்டியவற்றைச் செதுக்கி நீக்கி அதனினும் அடர்ந்த வண்ணத்தை ஏற்றுவர். இறுதியில் கறுப்பு. வெளிறிய நிறத்திலிருந்து அடர்நிறம் நோக்கிச் செல்வதே பொதுவழக்கு. அடர்ந்தது வெளிறியதை மறைக்கும், வெளிறியது அடர்ந்ததை எளிதில் மறைக்காது.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். சிவப்பை அச்சிடுவதற்காகச் செதுக்கத் தொடங்கிய கணத்தில் மஞ்சளுக்கான பலகை இவ்வுலகில் இல்லாமற் போகிறது. இன்னும் பத்துப் படிகள் மஞ்சளில் வேண்டுமென்று பின்னர் எண்ணினால் வழியில்லை. எத்தனை படிகள் என்பதை முதல் வண்ணத்தின்போதே உறுதிசெய்துவிட வேண்டும். அதன்பின் எண்ணிக்கை குறையலாமேயன்றிக் கூடாது. மூன்றாம் வண்ணத்தின்போது உளி வழுக்கி ஒரு விரலை வெட்டிவிட்டால், அதுவரை அச்சிட்ட அறுபது தாள்களும் அவ்வூனத்தோடுதான் முடியவேண்டும். எண்ணெய் வண்ண ஓவியர் பிழையான இடத்தைச் சுரண்டிவிட்டு மீளத் தீட்டுவார். இங்கே வெட்டியதை ஒட்ட இயலாது. ஒவ்வொரு வெட்டுக்கு முன்னரும் இனி வரவிருக்கும் எல்லா வண்ணங்களையும் மனக்கண்ணில் கண்டாக வேண்டும். அதுவும் இடவலம் மாறி, பின்னிருந்து முன்னாக. இதற்கு ஈடாகக் கிடைக்கும் நன்மை ஒன்றுண்டு. எல்லா வண்ணங்களும் ஒரே பலகையிலிருந்து பிறப்பதால் உருவங்கள் இயல்பாகவே தம்முள் பொருந்துகின்றன. பலகையும் தாளும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமருமாறு பார்த்துக்கொண்டால் போதும். அப்பொறுப்பு ஆர்னெராவினுடையது. தேர்ந்த அச்சாளரின் கையில்லாமல் இப்படைப்புகள் பிறந்திரா என்பதைக் கலைவரலாறு சில வேளைகளில் மறந்துவிடுகிறது.

அப்போது பிகாசோ கான் நகரில் லா கலிபோர்னி என்னும் மாளிகையில் வாழ்ந்தார். 1961இல் மூஜான் என்னும் ஊரின் அருகே குடிபெயர்ந்தார். இரண்டும் வலோரிசுக்கு அண்மையிலுள்ளவை. மாலையிலும் இரவிலும் வீட்டிலேயே அமர்ந்து செதுக்குவார். செதுக்கிய பலகை காலையில் ஆர்னெராவின் அச்சகத்துக்குச் செல்லும். பிற்பகலுக்குள் ஈரம் உலராத படிகள் வீடு திரும்பும். அவற்றைக் கண்டு, அடுத்து நீக்கவேண்டியவற்றை முடிவுசெய்து மீண்டும் உளியெடுப்பார். கல்லச்சுக்கும் செப்புத்தகட்டு அச்சுக்கும் பாரிசுக்குத் தகடுகளை அனுப்பி நாள்கணக்கில் காத்திருந்தவர்க்கு, ஒரே நாளில் விடை தரும் இவ்வூர் அச்சகம் பெரும்பேறாயிற்று. 1959 முதல் 1963 வரையிலான சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட லினோலியச் செதுக்குகளை ஆக்கினார். அவற்றுள் பல ஐம்பது படிகள் கொண்ட பதிப்புகளாகப் பாரிசின் லூயிஸ் லெய்ரிஸ் கலைக்கூடத்தின் வழியே வெளிவந்தன.

எவற்றைச் செதுக்கினார்? திரும்பிச் செல்லவியலாத தாயகத்தின் காளைப்போர்க் களங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. குதிரைமேல் ஈட்டியேந்தி அமர்ந்த வீரன், கொம்பு தாழ்த்திய காளை, வட்டமான களத்தைச் சூழ்ந்த கூட்டம் ஆகியவை கறுப்பும் பழுப்பும் மணல்நிறமுமாக, மட்பாண்டங்களின் வண்ணத்தில் எழுந்தன. மத்தியதரைக் கடற்கரையின் தொன்மக் கதைகளிலிருந்து ஆட்டுக்கால் கொண்ட வனதேவர்கள் குழலூதி ஆடினர். 1961இல் அவர் மணந்த ஜாக்லின் முகம், கழுத்து நீண்டும் விழி விரிந்தும் பல பலகைகளில் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் மனே தீட்டிய புல்வெளி விருந்து ஓவியத்தையும் தம்வழியில் செதுக்கிப் பார்த்தார். லினோலியத்தின் இயல்பறிந்து செதுக்கினார் என்பதே இவற்றின் சிறப்பு. மெல்லிய நிழல்களை அப்பொருள் தராது. ஆகவே அவர் அவற்றைக் கேட்கவுமில்லை. அகன்ற தட்டை வண்ணங்களும், உளி ஓடிய தடங்களும், பரப்பைக் கீறிய கோடுகளுமே போதுமானவையாயின.

இவர் வாழ்வை எழுதுவோர் வாய்திறவாமல் கடந்துபோகும் பகுதியொன்று உண்டு. அவருடன் வாழ்ந்த பெண்களுள் சிலர் அவரால் ஆழ்ந்த துன்பத்துக்கு ஆளாயினர். பலோமாவின் தாயும் ஓவியருமான பிரான்சுவாஸ் ஷிலோ 1953இல் தம் இரு குழந்தைகளுடன் அவரை விட்டு நீங்கினார். பின்னர் அவ்வாழ்வைப் பற்றி அவர் நூலொன்றும் எழுதினார். கலையில் அழிவிலிருந்து ஆக்கம் கண்ட அக்கைகள் மனித உறவுகளில் அவ்வாறே செய்யவில்லை. படைப்பைப் போற்றுவதும் படைத்தவரின் குறையை மறையாது கூறுவதும் ஒருங்கே இயலும்.

1962ஆம் ஆண்டு, எண்பது வயது கடந்த நிலையில், விளக்கின்கீழ் ஓர் அசைவற்ற காட்சியை அவர் செதுக்கினார். மேலிருந்து விளக்கொன்று தொங்குகிறது. அதன் ஒளிக்கற்றை கீழேயுள்ள கண்ணாடிக் கோப்பையின்மேலும் பழங்களின்மேலும் விழுகிறது. மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு ஆகிய வண்ணங்களே உள்ளன. வெள்ளை என்று தனியே மை இல்லை, தாளே வெள்ளை. பழங்களின் நிழல் கனத்துக் கிடக்க, விளக்கின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது. இரவில் மின்விளக்கின்கீழ் அமர்ந்து செதுக்கியவர்க்குத் தம் எதிரே இருந்த வெளிச்சமே பொருளாயிற்று போலும்.

எம்முறையிலும் நெடிதுநாள் தங்காதவர் அவர். 1963 வாக்கில் லினோலியத்திலேயே மற்றொரு புதுவழியை முயன்றார். செதுக்கிய பலகையை வெளிர்நிற எண்ணெய் மையால் வெள்ளைத்தாளில் அச்சிட்டால் உருவம் ஏறத்தாழத் தெரியாது. அத்தாள் முழுவதும் நீரில் கரையும் கறுப்பு மையைப் பூசி, பின்னர்த் தண்ணீரில் அலசினார். எண்ணெய் மை படிந்த இடங்களில் கறுப்பு ஒட்டாமல் கழன்றது. வெறுந்தாளில் மட்டும் அது நிலைத்தது. வழக்கமான படியின் கூர்மையான விளிம்புகளுக்கு மாறாக, நீர் ஓடிய தடங்களோடு ஒவ்வொரு படியும் தனித்தன்மை பெற்றது. குளியலறைத் தண்ணீரைக் கலைக்கருவியாக்கிய இம்முயற்சி சிறிதுகாலமே நீடித்தது.

அவ்வாண்டிலேயே ஆல்டோ, பியரோ குரோமெலின்க் என்னும் உடன்பிறந்தார் இருவர் மூஜானில் செப்புத்தகட்டு அச்சுக்கூடம் ஒன்றை அமைத்தனர். தகடுகளைப் பாரிசுக்கு அனுப்பவேண்டிய தேவை ஒழிந்ததும், பிகாசோ தம் இளமைக்காலத்து ஊசிக்கும் அமிலத்துக்கும் திரும்பினார். 1968ஆம் ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரையிலான ஏழு திங்களில் 347 தகடுகளைப் பொறித்து முடித்தார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தாறு. லினோலியமும் உளியும் ஓரமாக வைக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மூஜானில் உயிர்நீத்த அவர், தமக்குரிய வோவ்னார்க் கோட்டையின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆர்னெரா அச்சிட்டபோது, ஒவ்வொரு வண்ணம் முடிந்ததும் அந்நிலையைக் காட்டும் படிகளும் எடுக்கப்பட்டன. விளக்கின்கீழ்க் காட்சிக்குரிய அத்தகைய படிநிலை அச்சுகளை இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இந்நூற்றாண்டில் பெற்றுக் காட்சிப்படுத்தியது. வரிசையாக நோக்கினால் கலைஞரின் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடரலாம். மஞ்சள் மட்டும் படிந்த தாளில் கோப்பையும் பழமும் இன்னும் தெளிவாகப் பிரியவில்லை. அடுத்தடுத்த தாள்களில் அவை ஒன்றைவிட்டொன்று விலகி உருப்பெறுகின்றன. இறுதித் தாளில் கறுப்பு வந்து இறங்குகிறது, விளக்கு எரிகிறது. அந்த மஞ்சள் தாளை அச்சிட்ட பலகை அன்றிரவே உளிக்கு இரையாகிவிட்டது. தாள் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.